நிறுக்காத பச்சை

பண்டாரவளை நர்சரியில் வாங்கினேன்
மலேசியன் புல், நாலு சதுரம், ஈரச்சாக்கில் சுற்றி.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
"என்னக்கா, மாட்டுக்கா?" என்றான் கண்டக்டர்.

மாட்டுக்கில்லை.
ஏழு பேர்ச்சில் வீடு போக
ஆறு பாய் விரிக்கிற முற்றம் மிச்சம்.
லீக்ஸ் போடு என்றார்கள். கறிமிளகாய் போடு என்றார்கள்.
விடிந்ததிலிருந்து நான் கிள்ளுகிற பச்சை முழுக்க
தராசுக்குப் போகிறது,
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ
வெட்டு விழுகிறது.
யாரும் நிறுக்காத ஒரு பச்சை வேண்டும் எனக்கு.
வேறு காரணம் கேட்டால் இல்லை.

ஆகஸ்டில் கச்சான் ஏறியது.
புல்லின் ஓரம் பீடி நுனிபோல் கருகியது.
பீலியில் வீட்டுக்கு ஐந்து குடம், முறை வைத்து.
அதில் ஒரு செம்பைப் புல்லுக்கு ஊற்றினால்
பணிய லயம் முழுக்கப் பார்க்கும்.

"தோண்டுவோம்" என்றார் விஜயேந்திரன்.

வெல்டிங் கடை லயனல்
லொறி வில்லுத் தகட்டை முறுக்கி
பைப்பு நுனியில் ஒட்டித் தந்தான்.
குறுக்குக் கம்பியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச்
சுற்ற வேண்டும், வலமாக மட்டும்.
இடமாகச் சுற்றினால் மூட்டுக் கழன்று
தகடு குழியோடு போய்விடும்.
பதினாறு வருடக் கலியாணத்தில்
ஒரே பக்கமாக நாங்கள் நடந்தது அந்தக் கிழமைதான்.

முதல் குழி பதினோரடியில் டங் என்றது.
அலவாங்கால் ரெண்டு நாள் குத்தினோம்.
கல்லுக்கு அவசரமில்லை.
மூன்றடி தள்ளி மறுபடி ஆரம்பித்தோம்.

அடிக்கொரு கைமண் எடுத்து
சிமெந்துச் சாக்கில் வரிசையாக வைத்தேன்:
சிவப்பு, சிவப்பு, மஞ்சள்,
பிறகு பல்லில் ஒட்டுகிற வெள்ளைக் களி.
(ஆமாம், வாயில் போட்டுப் பார்த்தேன்.)
பதினாறாவது அடியில் தகடு கனத்து ஏறியது.
மணல். பிழிந்தால் சொட்டியது.
அவர் குப்புறப் படுத்துக் குழியில் காது வைத்தார்.
"என்ன கேக்குது?"
"ஒன்னுமில்ல. குளிருது."

எஸ்லோன் குழாயில் அரத்தால் அறுபது கீறல்.
மணல் ஏறாமலிருக்க
என் ஊதா நைலெக்ஸ் சாரியை ரெண்டு சுற்று.
ஓடையில் பொறுக்கிய பொடிக்கல்லை
கொழுந்துக் கூடையில் சுமந்து சுற்றிவரக் கொட்டினோம்.

பழைய கைப்பம்பு. தண்ணி தர
முதலில் அதற்குத் தண்ணி குடுக்கணும்.
ஒரு குடம் குடித்தது. ஏப்பம் விட்டது.
ரெண்டாவது, சோற்றுக்கு வைத்த குடம்.
"அப்ப சோறு?"
"கடைப் பாண்."

முதலில் காற்று.
பிறகு பால்தேத்தண்ணி நிறத்தில் சேறு.
பிறகு வெறுந்தேத்தண்ணி.
நூற்றி நாற்பதாவது அடியில் வெறும் தண்ணி.

மூன்றாம் நாள் தெய்வானை வந்தாள், பணிய லயத்திலிருந்து,
இடுப்பில் குடம், கையில் போன்.
"பீலியில ஒரு குடம் நெறைய அம்பது செக்கன்.
இப்ப எழுவது."
"கச்சானுக்கும் மெலியும்" என்றார் இவர்.
அதுவும் உண்மைதான்.
"சண்டைக்கு வரல. பாத்துட்டுப் போக வந்தேன்."
செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றாள்,
கொஞ்ச நேரம்.

ரெண்டு நாள் பம்பைத் தொடவில்லை.
விடியற்காலை நானே போய் எண்ணினேன்: அறுபத்தேழு.
ஒரு நாள் இறைத்துவிட்டு எண்ணினேன்: அறுபத்தொன்பது.
அந்த ரெண்டு செக்கன்
காற்றுடையதா, என்னுடையதா,
என் கை நடுங்கியதா?
அதற்குத் தராசில்லை.

கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவைத்தேன்.
புல் பாதி பச்சை, பாதி பீடி.
தெய்வானை போகும்போதெல்லாம் கயிற்றைப் பார்ப்பாள்.
நேற்று நின்றாள்.
"செத்துருமேடி. ஊத்து."

எத்தனை அடி அடிக்கலாம் என்று
சொல்லாமலே போய்விட்டாள்.